யாவர்க்கும் திறந்த வாயில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழின் தொன்மையைப் பற்றியும் இலக்கிய நயத்தைப் பற்றியும் எடுத்துரைக்க வல்ல புலவர் பெருமக்கள் பலர் இந்த அவையில் வீற்றிருக்கின்றனர். நாம் அந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, இருபது ஆண்டுகளாகப் பதிவேடுகளோடு பழகி வருகிறோம். ஆயினும் செயலாளர் அவர்கள், நாம் பிழைக்க வந்த ஊரைப் பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்தார்கள். ஊர் என்றால் மட்டாஞ்சேரி. மட்டாஞ்சேரி என்றால் அங்குள்ள யூதப் பள்ளி நினைவுக்கு வருகிறது. விவிலியத் தமிழில் ஜெப ஆலயம் என்று வழங்குவதை இவ்வூரார் யூதப் பள்ளி என்பர். அதன் அழகை வழிகாட்டி நூல்கள் போதிய அளவு புகழ்ந்துவிட்டன. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கண் காணாதவரும், கால் நடவாதவரும், செவி கேளாதவரும், மூப்பினால் தளர்ந்தவரும் அத்தகைய பழம்பெரும் ஆலயம் ஒன்றினுள் புகுந்து, மற்றவரைப் போலவே மதிப்போடு இருந்து, மனம் நிறைந்து திரும்புவதற்கு என்ன செய்ய வேண்டும்? இதுவே நமது பேச்சின் பொருள்.

பரதேசி என்னும் பெயர்

மட்டாஞ்சேரிப் பள்ளிக்குப் 'பரதேசிப் பள்ளி' என்று பெயர். நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவரைப் பரதேசி என்று அழைத்தால் கைகலப்பில் முடியும். சொல்லின் நேர்ப்பொருளோ, பிற நாட்டிலிருந்து வந்தவர் என்பதுதான். ஸ்பெயின் முதலிய நாடுகளில் துன்புற்று, கடல் கடந்து வந்த யூதர்கள் 1568-ஆம் ஆண்டில் இதனைக் கட்டினர். கொச்சி அரசர் தமது அரண்மனைக்கு அருகிலேயே இடம் அளித்தார். அரண்மனைக் கோயிலும் யூதப் பள்ளியும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதை இன்றும் காணலாம். மணியோசையும் எபிரேய மறையோசையும் நானூறு ஆண்டுகளாக ஒரே காற்றில் கலந்திருக்கின்றன.

1662-இல் போர்த்துக்கீசியர் இப்பள்ளிக்குத் தீங்கு செய்தனர். ஒல்லாந்தர் ஆட்சி வந்தபின் 1664-இல் அது மீண்டும் எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகபி என்னும் யூத வணிகப் பெருந்தகை சீனத்துக் கான்டன் நகரிலிருந்து நீலச் சித்திரம் தீட்டிய தரை ஓடுகளை வருவித்தார். 1760-இல் மணிக்கூண்டும் எழுப்பப்பட்டது. 1968-இல் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி வருகை புரிந்தார். இந்திய அஞ்சல் துறையும் ஒரு தபால் தலை வெளியிட்டது.

பெரியோர்களே! பரதேசிகள் என்றால் நாமும் பரதேசிகளே. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார் பெருமக்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியின் டோபி கானாவில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். அவர்களுக்குப் பின் வணிகர்களும், சமையற் கலைஞர்களும், துறைமுகத் தொழிலாளரும், நம்மைப் போன்ற இரயில்வேக்காரரும் வந்தோம். வந்தவர்க்கு வாயில் திறந்த ஊர் இது. ஆதலின், ஓர் ஆலயத்தின் வாயில் யாருக்குத் திறக்கிறது, யாருக்குத் திறக்கவில்லை என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

செப்பேடு சொல்லும் செய்தி

அப்பள்ளியின் பெருஞ்செல்வம் அதன் செப்பேடுகள். ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில், பாஸ்கர இரவிவர்மன் என்னும் சேர வேந்தன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் அளித்த ஆவணம் அது. எழுத்து நம் பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணும் வட்டெழுத்து. கொச்சித் தமிழராகிய நாம் இதனை அயலார் சொத்தென்று கருத வேண்டியதில்லை.

அந்த உரிமைகளுள் சில கருதத்தக்கவை. பகல் விளக்கு, குடை, ஏறிச் செல்லப் பல்லக்கு, காலடியில் விரிக்க நடைபாவாடை ஆகியவை அவற்றுள் அடங்கும். அரசன் ஒருவனைப் பெருமைப்படுத்த விரும்பினால், அவன் கால் நோவாமல் செல்ல ஊர்தி கொடுத்தான்; நடக்கும் தரையை மென்மையாக்கிக் கொடுத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது ஒருவனுக்கு மட்டும் கிடைத்த சிறப்பு. இன்று நடக்க இயலாத ஒருவருக்குச் சக்கர நாற்காலியும், அது ஏறத்தக்க சாய்தளமும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அன்று தலைவனுக்குச் செய்த மரியாதையை இன்று எல்லோருக்கும் செய்க என்பதே இதன் கருத்து. மக்களாட்சி என்பது வேறு என்ன?

படியில் அமர்ந்தவர்

ஓர் ஆலயத்தில் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் படிகள் இருவகைப்படும். ஒன்று கல்லால் ஆனது. மற்றொன்று வழக்கத்தால் ஆனது. இரண்டாவது வகைப் படியை இப்பள்ளியும் கண்டிருக்கிறது.

அடிமை நிலையினின்று விடுவிக்கப்பட்ட குடும்பங்களின் வழிவந்த யூதர்கள் 'மெசுக்ராரிம்' எனப்பட்டனர். அவர்கள் அதே இறைவனை வணங்கினர். அதே மறையை ஓதினர். ஆயினும் உள்ளே இருக்கைகளில் அமர அவர்களுக்கு உரிமை இல்லை. புறத்தே முன்மண்டபத்தில், தரையிலும் படியிலுமாக அமர்ந்து வழிபட வேண்டும். அக்குடும்பம் ஒன்றில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். எர்ணாகுளத்திலும் பின்னர்ச் சென்னையிலும் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929-இல் இலாகூர்க் காங்கிரசுக்குச் சென்று வந்தார். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் சொந்த ஆலயத்திலேயே கைக்கொண்டார். வழிபாட்டைப் புறக்கணித்தும், விலக்கப்பட்ட இருக்கைக்கு உரிமை கோரியும், ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு போராடினார். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். 1967-இல் அவர் மறைந்தார்.

இதே காலத்தில் நம்மவரும் இத்தகைய போராட்டங்களில் ஈடுபட்டிருந்தனர். 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் ஈரோட்டுப் பெரியார் சிறை சென்றார். 1936-இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939-இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் அரிசன மக்களோடு மீனாட்சி கோயிலுள் புகுந்தார். ஒவ்வொரு முறையும் 'நெடுநாளைய வழக்கம் ஆயிற்றே' என்று சொன்னோர் இருந்தனர். ஒவ்வொரு முறையும், வழக்கம் மாறிய பின்னரும் கோயில் கோயிலாகவே நின்றது. இறைவன் இறைவனாகவே இருந்தான்.

வழக்கத்தால் ஆன படியை அகற்ற அத்தனை பேர் அத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. கல்லால் ஆன படியை அகற்ற ஒரு தச்சரும் ஒரு வார வேலையும் போதும். இருந்தும் நாம் அதனைச் செய்யாமல் இருந்தால், வெளியே இருப்பவரின் கண்ணுக்கு இரண்டு படிகளும் ஒன்றுபோலவே தோன்றும். சேலம் அவர்கள் அமர்ந்த அதே புறமண்டபத்தில் அவரும் அமர்ந்திருக்கிறார் அல்லவா?

செருப்புக்குக் காவல்

நமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகிறோம். திருநெல்வேலியிலிருந்து நம் அத்தான் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். இளமையில் இளம்பிள்ளை வாதம் கண்டு, இரண்டு கால்களிலும் காலிப்பர் அணிந்து நடப்பவர். நூல் பல கற்றவர். பழங்கட்டடங்களில் பெருவிருப்பம் உடையவர். குடும்பத்தோடு ஒரு பழைய வழிபாட்டிடத்துக்குச் சென்றோம். அது எந்தச் சமயத்தது என்பதோ, எவ்வூரது என்பதோ இங்கு வேண்டா. வாயிலில் இருந்தவர் காலணிகளைக் கழற்றச் சொன்னார். காலிப்பர் அணிபவருக்குச் செருப்பும் இரும்புச் சட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. செருப்பைக் கழற்றினால் சட்டமும் கழலும்; சட்டம் கழன்றால் அவர் நிற்க இயலாது. வாயிற்காவலருக்கு இது விளங்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அவருக்குச் சொல்லிக் கொடுத்த விதி அவ்வளவே. நம் அத்தான் சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, நீங்கள் எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் செருப்புகளுக்கு நான் இங்கே காவல் இருக்கிறேன்" என்றார்.

உடன் வந்தோரும் சிரித்தனர். ஆனால் நாற்பது நிமிடங்கள் கழித்து வெளியே வந்தபோது, பன்னிரண்டு சோடிச் செருப்புகளின் நடுவில் ஒரு தூணைப் பற்றிக்கொண்டு அவர் நின்றிருந்த காட்சியை நம் மனம் மறக்கவில்லை. ஒரு துணியுறை இருந்திருந்தால், செருப்பின்மேல் அதனை மாட்டிக்கொண்டு அவரும் உள்ளே வந்திருப்பார். ஒரு முழத் துணி இல்லாமையால் ஒரு மனிதர் வெளியே நின்றார்.

சமயம் தடுக்கிறதா?

சமய ஒழுக்கம் இதற்கெல்லாம் இடம் கொடுக்குமா என்று சிலர் கேட்கலாம். யூத மறையையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்னோர் வரிசையில் ஈசாக்கு முதுமையில் பார்வை இழந்தவர், யாக்கோபு இடுப்பில் அடிபட்டு நொண்டி நடந்தவர், மோசே திக்குவாயர். பார்வையற்றவர் வழியில் இடறுகல் வைத்தலை மோசேயின் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. கல்லை நேற்று வைத்தாலும் நானூறு ஆண்டுகளுக்கு முன் வைத்தாலும் இடறுபவருக்கு வலி ஒன்றே.

ஓய்வுநாளில் மின்விசையை இயக்குதல் அச்சமயத்தாருக்கு விலக்கு. அதற்காக முதியோரை மாடிக்கு வர வேண்டா என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று தானே செல்லும் மின்தூக்கியை அமைத்தனர். ஏறுபவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. பார்வையற்ற யூதர்களுக்குப் பிரெயில் எழுத்தில் மறைநூல்கள் அளிப்பதற்கென்று 1931-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தோன்றியது. செவி கேளாதோர் சைகை மொழியால் வழிபாட்டில் முழுப் பங்கு கொள்ளலாம் என்று 2011-இல் அங்குள்ள ஒரு பிரிவின் சமய அறிஞர் குழு முடிவு கூறியது. விதியைக் காத்துக்கொண்டே வழி காண முடியும் என்பதற்கு இவை சான்றுகள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று நம் பாட்டிமார் சொல்லியதும் இதுவே.

கொச்சி யூதர் கட்டிய பள்ளிகளிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. உலகின் பிற ஜெப ஆலயங்களில் பெரும்பாலும் மறை ஓதும் மேடை கீழே ஒன்று மட்டும் இருக்கும். கேரளத்துப் பள்ளிகளிலோ மாடி முகப்பில் இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. பெண்கள் அமரும் பகுதி அதன் பின்னாலேயே இருப்பதால், மாடியில் மறை ஓதும்போது அவர்கள் அருகிலிருந்து கேட்க முடிந்தது. கேட்போர் இருக்கும் இடத்தை நோக்கி வேதம் மாடி ஏறியது. மாடி ஏற இயலாத மூதாட்டியை நோக்கி அதே வேதம் கீழே இறங்கி வருவதில் முறைகேடு என்ன?

மணிக்கூண்டையும் பாருங்கள். ஒரு முகத்தில் எபிரேய எழுத்தாலான எண்கள். மற்றொரு முகத்தில் உரோமானிய எண்கள். எந்தப் பக்கத்திலிருந்து எவர் பார்ப்பரோ அவர் படிக்கக்கூடிய எழுத்தில் நேரத்தைக் காட்ட வேண்டும் என்பது கட்டியவரின் கருத்து. இதனையே இன்னும் சற்று நீட்டி, கண்ணால் படிக்க இயலாதவர்க்கு விரலால் படிக்க ஓர் எழுத்து வைப்போம் என்பதுதான் இக்காலத்தார் கேட்பது.

செய்யத் தக்கவை

எளிய செலவில் செய்யத் தக்க சிலவற்றை எண்ணிப் பார்த்தோம். இவை மட்டாஞ்சேரிப் பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல. பழைய கோயில், மசூதி, மாதா கோயில் எதற்கும் பொருந்தும்.

முதலாவது, வாசற்படி. சாய்தளத்துக்கு நிபுணர்கள் வகுத்த அளவு பன்னிரண்டுக்கு ஒன்று. இதனை நினைவில் வைப்பது எளிது: எத்தனை அங்குல உயரமோ அத்தனை அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடிப் பலகை. பழஞ்சுவரையோ கல்லையோ தொட வேண்டியதில்லை; எடுத்து வைத்து எடுத்துவிடத் தக்க மரச் சாய்தளம் போதும். வழியின் அகலம் மூன்று அடி இருந்தால் சக்கர நாற்காலி இடிபடாமல் செல்லும்.

இரண்டாவது, காலணி. உள்ளேயே பயன்படுத்துவதற்கென்று தூய சக்கர நாற்காலி ஒன்று வைத்தால், தெருவில் உருண்ட சக்கரம் சீன ஓட்டின்மேல் ஏற வேண்டியதில்லை. ஊன்றுகோலின் அடியில் மாட்டப் புதிய இரப்பர்க் குமிழ்களும், காலிப்பர்ச் செருப்புக்குத் துணியுறைகளும் வாயிலில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். ஓட்டுக்கும் காப்பு, ஆளுக்கும் மதிப்பு.

மூன்றாவது, பார்வையற்றோர். மெருகேற்றிய ஓட்டில் தீட்டிய நீலச் சித்திரத்தை விரல் உணராது. ஆகவே அச்சித்திரத்தைப் புடைப்பாக வார்த்த மாதிரி ஓடு ஒன்றும், பள்ளியின் அமைப்பைக் காட்டும் மர உருவம் ஒன்றும் தொட்டறிய வைக்கலாம். செப்பேட்டின் படி ஒன்றைச் செம்பிலேயே வெட்டி வைத்தால், வட்டெழுத்தின் வளைவுகளை ஒரு பார்வையற்ற மாணவன் தன் விரலால் தடவி அறிவான். கண்ணாடிப் பெட்டியின் வெளியே நின்று நோக்கும் நம்மைவிட அவனே அந்த எழுத்துக்கு நெருக்கமானவன் ஆவான். மலையாளத்திலும் தமிழிலும் பிரெயிலில் ஒரு சிறு குறிப்பும் வேண்டும்.

நான்காவது, செவி கேளாதோர். வழிகாட்டி வாயால் சொல்வதனைத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். பார்வை மங்கிய முதியோர்க்கும் அது பயன்படும்.

ஐந்தாவது, கூட்டமும் ஓசையும் கண்டு மருளும் குழந்தைகள். கூட்டம் குறைந்த காலை வேளையில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென ஒதுக்கலாம்.

ஆறாவது, மாடி. ஏற இயலாதவர்க்கு மாடியின் நிழற்படங்களைக் கீழேயே ஒரு பலகையில் வைக்கலாம். ஏறியதற்கு இது ஈடாகாதுதான். ஆயினும், 'உன்னையும் நினைத்தோம்' என்னும் சொல்லை அது சொல்லும்.

ஏழாவதும் பெரியதுமானது, தெரு. ஆலயத்தில் எத்தனை வசதி செய்தாலும், அங்குச் சேரும் வழியில் கடைச் சரக்குகளும் இருசக்கர வண்டிகளும் மறித்தால் பயன் இல்லை. இவ்வகையில் கொச்சி நீர் மெட்ரோவை நாம் பாராட்ட வேண்டும். 2023 ஏப்ரலில் தொடங்கிய இப்படகுகளுக்கு மிதக்கும் துறைமேடைகள் அமைத்துள்ளனர். நீர் ஏறினும் இறங்கினும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்பதால், சக்கர நாற்காலி நேரே உள்ளே செல்கிறது. அலையோடு அசையும் படகிலேயே இது கூடும் என்றால், அசையாத நிலத்தில் ஏன் கூடாது?

யாருக்காக?

'அங்கு வழிபடுவோரே மிகச் சிலர் அல்லவா? யாருக்காக இத்தனையும்?' என்று கேட்பர். 1948-இல் இசுரவேல் நாடு பிறந்தபின், 1950-களில் கொச்சி யூதர் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். பத்துப் பேர் கூடினால்தான் முறையான வழிபாடு என்பது அவர்கள் நெறி. அந்தப் பத்துக்கே வருகையாளரை நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது. 2019-இல் சாரா கோகன் அம்மையார் தமது 96-ஆம் வயதில் மறைந்தார். 2024 ஆகஸ்டில் குயினி ஹலேகுவா அம்மையாரும் மறைந்தார். இவை உண்மையே.

ஆனால் சென்றவர்கள் திரும்பிப் பார்க்க வருகிறார்கள் என்பதும் உண்மை. 1954-இல் பத்து வயதுச் சிறுவனாகக் கப்பலையோ வானூர்தியையோ நோக்கிச் சென்றவர் இன்று எண்பதைக் கடந்தவர். பாட்டன் ஓதிய மேடையைப் பேரனுக்குக் காட்ட அவர் வருகையில் கையில் தடி இருக்கும். அல்லது சக்கர நாற்காலியில் இருப்பார். இத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்தவரைக் கடைசி ஆறு அங்குலம் தடுத்தல் முறையா? நாமும் ஊர்விட்டு வந்தவர்கள். முதுமையில் ஒரு நாள் பிறந்த ஊர்க் கோயிலின் முன் நிற்பது எத்தகைய ஆசை என்பது நமக்குத் தெரியாதா?

சட்டமும் இதனையே சொல்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நம் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் எண்ணப்பட்டனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. முன்னைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகையே இருந்தன. மக்கள் வந்து செல்லும் தனியார் கட்டடங்களும், சமயப் பணிக்குரிய கட்டடங்களும்கூடப் 'பொதுக் கட்டடம்' என்னும் சொல்லுள் அடங்கும் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. எளிதில் அணுகும் வசதிக்கான விதிகள் வெறும் அறிவுரையாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழமை கெடும் என்பது இன்னொரு அச்சம். 1760-இல் எழுந்த மணிக்கூண்டு பழுதுற்றபோது, 1990-களின் இறுதியில் உலக நினைவுச் சின்ன நிதியத்தின் துணையோடு அதனைச் செப்பனிட்டனர். பழமை கெடவில்லை, நின்று போன கடிகாரம் ஓடியது. அறிந்தவர் கை பட்டால் பழமை வாழும்.

நம் புலவர்களும் நம் மேடையும்

நம் மரபில் இரட்டைப் புலவர் என்று இருவர் இருந்தனர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடமானவர். பார்வையற்றவர் தோளில் முடவர் ஏறிக்கொள்வார். அவர் வழி சொல்ல இவர் நடப்பார். இவ்வாறே ஊர் ஊராகச் சென்று, கோயில் கோயிலாகப் பாடி, தில்லைக் கலம்பகம் போன்ற நூல்களைத் தந்தனர். ஒருவர்க்கொருவர் காலும் கண்ணும் ஆயினர் என்று நாம் போற்றுகிறோம். போற்றுதல் தகும். ஆயினும் தோள் கொடுக்க ஒருவர் கிடைக்காத முடவர் எத்தனை பேர் பாடாமலே போயினர் என்பதையும் எண்ண வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில், பொறியின்மையைப் பழியாகக் கொள்ளாமல் முயலாமையையே பழியாகக் கொண்டார். பொறி என்பதை ஊழ் எனக் கொள்வாரும் உளர். உடலின் புலன் எனக் கொள்வாரும் உளர். புலன் எனக் கொண்டால், அந்த முயற்சி யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. குறையுடையவர் முயல்கிறார்; நாள்தோறும் முயல்கிறார். நம் அத்தான் திருநெல்வேலியிலிருந்து அந்த வாயில் வரை முயன்றே வந்தார். எஞ்சிய முயற்சி வாயிலின் உள்ளே இருப்பவருடையது. அதனைச் செய்யாத பழியும் உள்ளே இருப்பவரையே சாரும்.

இறுதியாக ஒன்று. யூதப் பள்ளியைப் பற்றி இத்தனை பேசிவிட்டு, நாம் கூடியிருக்கும் இம்மன்றத்தைப் பார்க்காமல் இறங்குவது அழகன்று. இம்மன்றத்தின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. மொத்த உயரம் பதினெட்டு அங்குலம். முன்னே சொன்ன கணக்குப்படி பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும்; வாயிற்புறத்தில் இடம் உண்டு. இம்மேடையோ இரண்டடி உயரம். அதற்கு இருபத்து நான்கு அடி வேண்டும், மன்றத்துள் அதற்கு இடம் இல்லை. ஆகவே மேடையை ஓரடியாகத் தாழ்த்துவோம்; பன்னிரண்டு அடிச் சாய்தளம் சுவரோரமாக அமைந்துவிடும். மேடை ஓரடி தாழ்வதால் சங்கத்தின் பெருமை தாழாது. நம் உறுப்பினர் குடும்பங்களில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆண்டுதோறும் திருக்குறள் ஒப்பித்தல் போட்டியில் அவர்களுக்குப் பரிசு அளிக்கும்போது, நாமே கீழிறங்கிச் சென்று கொடுக்கிறோம். கைதட்டல் பெரிதாக எழுகிறது. ஆனால் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் மேடை ஏறிப் பெறும் பரிசைத் தான் மட்டும் கீழே இருந்து பெறும் அந்தப் பிள்ளைக்குக் கைதட்டலைவிட மேடைதான் வேண்டும்.

இதனை ஒரு தீர்மானமாகவே பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். மரமும் கூலியும் மதிப்பிட்டு எழுதிய தாளைச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். நன்கொடைப் பட்டியலில் முதல் வரியில் நமது ஒரு மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறித்துள்ளோம். இரண்டாம் வரி வெறுமையாக இருக்கிறது. பெரியோர்கள் நிரப்பி அருள வேண்டும்.